தொழில் இல்லை

மண்டபம் கோயில்வாடியில்
சித்திரை பிறந்து ரெண்டாம் நாள் படகுகளைக் கட்டிப்போட்டார்கள்.
அறுபத்தோரு நாள் தடைக்காலம்.
"பேரேட்டை மட்டும் மூடிறாத" என்றார் நசுருதீன் முதலாளி.
"தேதி போடு. தொழில் இல்லைன்னு எழுது.
ஆடிட்டர் கேப்பாரு."

எழுதினேன்.
படகு, ஓட்டுநர், இறால், கணவாய், நண்டு, சங்காயம்,
டீசல், ஐஸ், முன்பணம்.
ஒன்பது கட்டமும் வெறுமனே கிடக்க
குறுக்கே ஒரே வரி.
பதினேழு நாள் அதே இரண்டு சொல்.
பதினேழாம் நாள் 'ழி' கொஞ்சம் சாய்ந்திருந்தது.

முன்பு எழுதிக்கொண்டிருந்தவள்தான்.
பரமக்குடியில் ஒரு பரிசுகூட உண்டு,
மூடி சரியாகப் பொருந்தாத டிபன் கேரியர்.
அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கு முன்னாலும்
யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்:
ஒரு நடுவர், ஒரு பத்திரிகைக்காரர்,
என்னைவிட நன்றாக எழுதுகிற ஒருத்தி.
அவர்களுக்குத் தேநீர் கொடுத்தே பொழுது போனது.
எப்போது நின்றது? தேதி இல்லை.
அதற்கு யாரும் பேரேடு வைக்கவில்லை.

பதினெட்டாம் நாள்
தொழில் இல்லை என்று போட்டுவிட்டு
பேனாவை மூடப் போனேன்.
மூடி உருண்டு ஐஸ் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.
மூடாத பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு
என்ன செய்வது?
கீழே எழுதினேன்: காற்று உண்டு. கச்சான்.
எழுதியது பொய்யாகிவிடக் கூடாதே என்று
எழுந்து போய்ப் பார்த்தேன்.
சந்தனமாதா படகின் கொடி
பாம்பன் பக்கம் திரும்பிப் படபடத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் இறால் கட்டத்தில்:
களஞ்சியம் வலை பொத்துகிறான்,
கால் பெருவிரலில் நூலை மாட்டி.
அவனுக்கு முன்னால் அந்த விரல் யோசிக்கிறது.
கணவாய்க் கட்டத்தில்:
தராசில் போன மாதத்து மை,
என் பேனாவைவிட அடர்த்தி.
டீசல் கட்டத்தில், சம்பந்தமே இல்லாமல்,
ராமேஸ்வரம் ரயிலில் கையசைத்துப் போன ஒரு சிவப்புச் சட்டை.
மிச்சமெல்லாம் சங்காயத்தில்.
கோழித் தீவனத்துக்குக் கொட்டுகிற பொடிமீனுக்குள்
எப்போதோ கிடந்த கடற்குதிரை.
கடன் கேட்க வந்த மிக்கேலம்மா
மோர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது.
முன்பணம் வாங்கியவர்கள்
என்னைக் கண்டதும் தலை சொறியும் விதங்கள்.

நன்றாக இருந்ததா, தெரியாது.
அடித்தேன், மறுபடி எழுதினேன்.
'மினுங்கியது' என்ற ஒரு சொல்லை
ஒரு மத்தியானம் முழுக்க நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து
கடைசியில் எடுத்தே விட்டேன்.
எடுத்த இடம் மினுங்கியது.
சோற்று டப்பா திறக்காமல் இருந்தது.
ஆளில்லாத ஏலக் கூடத்தில்
தனியாகச் சிரித்ததற்கு
கொஞ்சம் வெட்கப்பட்டேன்,
நாற்காலிகளும் இல்லை.

ஆனி பிறந்தது, டோக்கன் கொடுத்தார்கள்.
விடிய விடிய டீசல் வாடை, கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம்.
கட்டங்களில் எண்கள் ஏறின.
முதலாளி பழைய பக்கங்களைப் புரட்டினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி புரட்டினார்.
"இதெல்லாம் யார் பேர்ல பத்து?"
"யார் பேர்லயும் இல்ல, முதலாளி."
"அப்ப வரவா?"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பேரேடு சாக்கில் கட்டி ராமநாதபுரம் போய்விட்டது.
படியெடுத்து வைக்கவில்லை.
ஆடிட்டர் ஆபீஸ் பையன் யாராவது கூட்டிப் பார்ப்பான்,
எத்தனை தடவை கூட்டினாலும்
ஒன்றும் வராது.

இன்று வெள்ளி. விசைப்படகு போகாத நாள்.
முதலாளி ஜும்மாவுக்குப் போயிருக்கிறார்.
புதுப் பேரேடு, உப்புக்காற்றில் இப்போதே தாள் நமுத்துவிட்டது.
தேதி போட்டேன்.
தொழில் இல்லை.

அதற்குக் கீழே:
தராசுத் தட்டில் ஒரு காக்கை
முள்ளைப் பார்க்காமல் நிற்கிறது.